வழக்காகாத வதை: அதிரடிப்படையும் பெங்களூருப் பொதுக்கருத்தும் (1993–2012)

காவல் அதிகாரியின் அத்துமீறல் நீதிமன்றம் ஏறும்போது அதனைப் பற்றிய மக்கள் கருத்தைத் தொகுத்துக் காண்பது எளிது. சாட்சியம் உண்டு; மறுப்பு உண்டு; தீர்ப்பு உண்டு; மூன்றையும் ஒட்டியோ வெட்டியோ ஊரார் பேசுவர். குற்றவியல் வழக்கே நிகழாதபோது அக்கருத்து எங்கே சென்று தங்குகிறது என்பது சற்றுக் கடினமான வினா. வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது மாதேசுவரன் மலைப் பகுதியில் நிகழ்ந்த வதைகளை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. பெங்களூரு இதற்குரிய களமாகக் கொள்ளப்படுவதற்குக் காரணம் உண்டு. அவ்வேட்டையில் பங்குகொண்ட உயர் அதிகாரி ஒருவரின் பெயர், வதைபட்டோரின் முறையீடுகளோடு சேர்த்து, 2012ஆம் ஆண்டு அந்நகரின் உயர் நீதிமன்றத்தில்தான் பேசப்பட்டது. ஆனால் அது வதை பற்றிய வழக்கன்று. பதவி பற்றிய வழக்கு.

நிலமும் மொழியும்

மாதேசுவரன் மலை அமைந்திருந்த கொள்ளேகாலம் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது அது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. வீரப்பன் பிறந்த கோபிநத்தம் இப்பகுதியைச் சார்ந்த தமிழ் வழங்கும் ஊர். மலையின் இருபுறமும் வாழும் சோளகர்களைக் கன்னடர் சோலிகர் என்பர். உறவுமுறைகளும் வழிபாடும் எல்லைக்கோட்டை மதிப்பதில்லை. காவல் நிலையங்கள் மட்டுமே மதித்தன. பின்னாளில் நிகழ்ந்தவற்றைத் தமிழர்–கன்னடர் பூசலாக மட்டும் படிக்கும் பழக்கம் இருமாநிலத்தாருக்கும் உண்டு. இந்நிலவியலை அறிந்தார்க்கு அப்படிப்பு நிறைவு தராது.

கர்நாடக அரசு 1990இல் அதிரடிப்படையை அமைத்தது. 1992 ஆகஸ்டில் காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவும் கொல்லப்பட்டனர். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுப் பகுதியில் கண்ணிவெடியில் சிக்கி 22 பேர் மாண்டனர். இதன்பின் வேட்டை முன்னிலும் கடுமையுற்றது. தமிழகப் படைக்கு வால்டர் தேவாரமும் கர்நாடகப் படைக்குச் சங்கர் பிதரியும் தலைமை ஏற்றனர். காட்டோர ஊர்களில் அரிசி வாங்கியவர், ஆடு மேய்த்தவர், வீரப்பனின் ஊரில் பெண்ணெடுத்தவர் எனப் பலர் பிடிக்கப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது தடாச் சட்டம் பாய்ந்தது. கண்காணிப்பாளர் நிலையிலுள்ள காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தையே சான்றாக ஏற்பது அச்சட்டத்தின் தனித்தன்மை. வாக்குமூலமே சான்றாகும் இடத்தில் அதனைப் பெறும் வழி எத்தகையதாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அக்காலத்து நகர்ப்புறக் கருத்தில் அதிரடிப்படையினர் வீரர்களே. கொல்லப்பட்ட அதிகாரிகளின் குடும்பங்களது துயரம் கண்முன் இருந்தது. மலையூர்களின் துயரம் கண்ணில் படவில்லை. இதனைப் பெங்களூரின் குறையாக மட்டும் காட்டுதல் பொருந்தாது. சென்னையிலும் கோவையிலும் நிலை வேறன்று.

நூற்றெட்டு நாட்கள்

மலையூர் மக்களின் முறையீடுகள் மனித உரிமை அமைப்புகளின் வழியே தேசிய மனித உரிமை ஆணையத்தை எட்டின. 1999இல் ஆணையம் கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஏ.ஜெ.சதாசிவா, மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் சி.வி.நரசிம்மன் ஆகிய இருவர் குழுவை அமைத்தது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய அதன் விசாரணை, நீதிமன்ற இடைக்காலத் தடையால் சிலகாலம் நின்று மீண்டும் நடந்தது.

அவ்வாண்டு ஜூலை 30 அன்று தாளவாடியை அடுத்த காஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றான். அவனது கோரிக்கைப் பட்டியல் தனியே ஆராயத்தக்கது. தடாவில் வாடுவோரை விடுவித்தல், அதிரடிப்படையால் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு ஆகியவற்றோடு காவிரி இடைக்காலத் தீர்ப்பு, கர்நாடகத்தில் தமிழுக்கு நிர்வாக மொழித் தகுதி, பெங்களூரில் திருவள்ளுவர் சிலைத் திறப்பு ஆகியனவும் அதில் இடம்பெற்றன. அல்சூர் ஏரிக்கரைச் சிலை 1991 முதல் மூடிக்கிடந்தது. அவ்வாண்டு டிசம்பர்க் கலவரத்தை மறவாத பெங்களூர்த் தமிழருக்கு இப்பட்டியல் பெருமையைவிட அச்சத்தையே தந்தது.

பொதுக்கருத்தின் போக்கில் இப்பட்டியல் விளைத்த கேடு பெரிது என்பது என் கருத்து. வதைபட்டோரின் நியாயமான முறையீடு ஒரு கொலையாளியின் நிபந்தனையாக உருமாறியது. மொழிப்பூசலின் ஓர் உறுப்பாகவும் ஆயிற்று. அதன்பின் மலையூர்ப் பெண்ணொருத்தி தனக்கு நேர்ந்ததைக் கூறினால் அவளை வீரப்பன் தரப்பாக எண்ணுவது எளிதாயிற்று.

தடா வழக்குகளைத் திரும்பப்பெற இரு அரசுகளும் முனைந்தபோது, ஷகீல் அகமதுவின் தந்தையார் அப்துல் கரீம் உச்ச நீதிமன்றம் சென்றார். 2000 நவம்பர் 7 அன்று நீதிமன்றம் அரசுகளின் முயற்சியை ஏற்க மறுத்தது. மகனை இழந்த தந்தையின் பக்கம் நியாயம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்தோர் பக்கமும் நியாயம் இருந்தது என்பது, 2001இல் மைசூர்த் தடா நீதிமன்றம் அவர்களுள் மிகப்பலரை விடுவித்தபோதுதான் தெரிந்தது. தண்டனை பெற்றோருள் நால்வருக்கு 2004இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை மரணதண்டனையாக உயர்த்தியது. 2014 ஜனவரி 21 அன்று அது மீண்டும் ஆயுளாகக் குறைந்தது. ராஜ்குமார் 108 நாட்களுக்குப் பின் மீண்டார்.

அறிக்கையும் வெகுமதியும்

சதாசிவா குழு 2003 டிசம்பரில் அறிக்கை அளித்தது. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். தமிழக அரசு அதிரடிப்படையினர்க்குப் பதவி உயர்வும் பணமும் வீட்டுமனையும் அறிவித்தது. குழுவின் அறிக்கை அதற்கு முன்பே அளிக்கப்பட்டிருந்தும், 2007 ஜனவரியில்தான் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையம் பரிந்துரைத்தது. எல்லா முறையீடுகளையும் குழு அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஏற்கப்பட்ட முறையீடுகளில் சட்டத்திற்குப் புறம்பான காவலும் வதையும் முதன்மை பெற்றன.

இழப்பீடு அரசின் கடன். ஒருவர் உடலை வதைத்தது அரசு என்னும் அருவம் அன்று, பெயரும் பதவியும் கொண்ட மனிதர். அந்த 89 பேருக்கு நேர்ந்தவற்றுக்காகக் காவல் அதிகாரி எவரும் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றதில்லை.

2012: பெங்களூரு

பெங்களூரு மாநகரக் காவல் ஆணையராகப் பணியாற்றிய சங்கர் பிதரி, 2011 நவம்பரில் கர்நாடகக் காவல்துறைத் தலைமை இயக்குநராக அமர்த்தப்பட்டார். அப்பதவிக்கு உரியவர் தாமே என மற்றோர் உயர் அதிகாரி ஏ.ஆர்.இன்பான்ட் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடினார். காவல்துறைத் தலைவர் தேர்வில் பணிக்காலத்தோடு பணிப்பதிவின் சிறப்பும் கருதப்பட வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்திருந்தது. பணிப்பதிவு என்னும் இச்சிறு வாயில் வழியேதான் சதாசிவா குழுவின் அறிக்கை நீதிமன்றத்துள் நுழைந்தது. 2012 மார்ச்சில் தீர்ப்பாயம் நியமனத்தை நீக்கியது. அம்மாத இறுதியில் உயர் நீதிமன்ற அமர்வும் அதனை உறுதிசெய்தது. அயல்நாட்டுச் சர்வாதிகாரிகளை ஒப்புமை காட்டுமளவுக்கு அமர்வின் சொற்கள் கடுமையாக இருந்தன. பிதரி தம்மீதான குற்றச்சாட்டுகளை மறுத்து உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவ்வாண்டு மே 31இல் பணி ஓய்வு பெற்றார்.

அம்மாதங்களில் நகரில் எழுந்த பேச்சு இருவகைப்பட்டது. உயிரைப் பணயம் வைத்துக் காட்டில் அலைந்த அதிகாரியிடம் இருபதாண்டு கழித்துக் கணக்குக் கேட்பது நன்றியின்மை என்றது ஒன்று. இத்தகைய அறிக்கை நிலுவையிலிருக்க அவருக்கு உயர் பதவி எவ்வாறு தகும் என்றது மற்றொன்று. இரண்டும் அதிகாரியின் தகுதியையே மையமாகக் கொண்டன. மூத்தவர் யார், தகுதியானவர் யார் என்பதே போட்டி. செய்தித்தாள்கள் விரும்பி எடுத்துக்கொண்டதும் சர்வாதிகாரி ஒப்புமையையே. மலையூர்ச் சாட்சிகள் அங்கே மேற்கோளாக வந்தனர், வழக்காடுவோராக வரவில்லை. அவர்களது கூற்று குறுக்கு விசாரணைக்கு உட்பட்டு நிலைநாட்டப்படவும் இல்லை, அதிகாரி தரப்பு மறுப்பு அவ்வாறே சோதிக்கப்படவும் இல்லை. இருதரப்புக்கும் இது இழப்பே.

கதையும் சொல்லும்

வழக்குமன்றம் எழுதாததை இலக்கியம் எழுதியது. வழக்கறிஞரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான ச.பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004இல் வெளிவந்தது. சிவண்ணாவின் குடும்பத்தை முன்னிறுத்தும் அந்நாவல், நிலமிழப்பில் தொடங்கி வதைமுகாமில் சென்று முடிகிறது. அங்கே வதைப்போர் ஒருமொழிக்காரர் அல்லர். இருமாநிலப் படைகளும் ஒரே முறைகளைக் கையாளுகின்றன. கன்னடக் காவலர் தமிழரை வதைத்தனர் என்னும் ஒற்றைவரிச் சித்திரத்தை இந்நாவல் உடைத்திருப்பதை நம் திறனாய்வாளர் போதிய அளவு கவனிக்கவில்லை. அதனை ஆவணம் எனப் போற்றுவோரும் ஒன்றை எண்ண வேண்டும். நாவல் நம்மை நம்பச்செய்யும். சான்றுச் சட்டத்தின் முன் அது சாட்சியாகாது.

சொல்லாய்வாளர்க்கு இங்கே தனிப்பணி ஒன்று காத்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் அரசு ஊழியர் குடிகளை வதைத்தது குறித்து எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகியோரைக் கொண்ட ஆணையம் 1855இல் அறிக்கை அளித்தது. அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கொள்ளேகாலமும் அம்மாகாணத்தில் அடங்கியதே. வரி வாங்கும் கையிலேயே காவல் அதிகாரமும் இருந்ததை அவ்வறிக்கை கண்டித்தது. 1859இல் சென்னைக் காவல் சட்டம் வந்தது. அந்த ஆங்கில அறிக்கையில் கிட்டி, அண்ணாந்தாள் முதலிய வதைப்பெயர்கள் தமிழாகவே இடம்பெற்றன. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் மாதேசுவரன் மலையில் திசை மாறியது. வதைக்கூடத்தை மக்கள் ‘ஒர்க்‌ஷாப்’ என்றனர். எழுத்தறியா முதியோர் வாயிலும் அவ்வாங்கிலச் சொல் அப்பொருளிலேயே வழங்கியது. பழுதுபார்க்கும் இடத்தின் பெயரை வதைக்கூடத்துக்குச் சூட்டியவர் காவலராகவே இருத்தல் வேண்டும். மக்கள் அதனைக் கேட்டுப் பழகியிருப்பர். தமிழும் கன்னடமும் சோளகர் பேச்சும் கலந்து சொல்லப்பட்டவை, குழுவின் அறிக்கையில் ஆங்கிலமாயின. அன்று சாட்சி சொன்னோருள் பலர் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் சொல்லியவாறே அச்சொற்களைப் பதிவுசெய்யும் களப்பணியை, சோளகர் பேச்சறிந்தார் துணையுடன், பெங்களூரிலும் கோவையிலும் உள்ள தமிழ்த்துறைகள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளலாம்.