பாய் இறக்கியவர்கள்: 'ஸ்ட்ரைக்' என்கிற வினைச்சொல்

'ஸ்ட்ரைக்' என்றால் 'அடி' என்றுதான் பள்ளிக்கூட அகராதி பொருள் சொல்லும். வேலைநிறுத்தம் என்றதும் கல்லெறி, கண்ணாடி உடைப்பு என்று பேசத் தொடங்கிவிடுபவர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. வன்முறை அந்தச் சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது என்பதுபோல ஒரு சொல்லாடல். ஆனால் சொல்லின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இது 'ஸ்ட்ரீக்கன்'. தடவு, மெல்ல உரசிக்கொண்டு போ என்பதே பொருள். அடித்தல் என்கிற பொருள் இடைக்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று மணி அடிப்பது, தீக்குச்சி கிழிப்பது, பட்டியலில் பெயரை அடிப்பது, பேரம் முடிப்பது எல்லாம் இந்த ஒரே வினைதான். நம்ம 'அடி' மட்டும் என்ன? வெயில் அடிக்கிறது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். இதில் யாரும் யாரையும் அடிப்பதில்லை.

கப்பல்காரர்களின் பேச்சில் இந்த வினைக்கு இன்னொரு பொருள் இருந்தது: பாயை அல்லது கொடியைக் கீழே இறக்குவது. போரில் கொடியை இறக்கினால் சரணடைந்தாயிற்று என்று அர்த்தம். அதாவது இது பணிவின் சொல்.

1768இல் இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சண்டர்லாந்து துறைமுகத்தில் மாலுமிகள் திரண்டார்கள். தங்கள் குறைகளை எழுதிய தாளைப் பொது இடத்தில் வாசித்தார்கள். பிறகு ஒவ்வொரு கப்பலாக ஏறி, பாய் கட்டும் குறுக்குமரங்களைக் கீழே இறக்கினார்கள். கப்பல்கள் நகர முடியவில்லை. அந்த ஆண்டு மே மாதம் லண்டனில் தேம்ஸ் ஆற்றிலும் கூலி உயர்வு கேட்டு மாலுமிகள் கப்பல்களை மறித்தார்கள். 'பாயை இறக்கினார்கள்' என்பதில் பாய் உதிர்ந்துபோய் 'இறக்கினார்கள்' மட்டும் மிஞ்சியது. பணிவின் சைகை மறுப்பின் சைகையாகிவிட்டது. கடலே பார்க்காத நெசவாளியும் சுரங்கத் தொழிலாளியும் பின்னால் அதே வினையை எடுத்துக்கொண்டார்கள்.

இதை ஒரு வீரகதையாக்கிவிடவும் கூடாது. அதே 1768இல் லண்டனில் நிலக்கரி இறக்கும் தொழிலாளர்களும் போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அயர்லாந்துக்காரர்கள் அதிகம். அவர்கள் செய்ய மறுத்த வேலையை மாலுமிகளை வைத்துச் செய்யப் பார்த்தார்கள் கப்பல் முதலாளிகள். மோதலில் ஒரு மாலுமி செத்தார். ஆள்பிடிக்கும் ஏஜெண்டாக இருந்த மதுக்கடைக்காரர் ஒருவரின் வீட்டைச் சுட்டுத் தாக்கியதற்காக, ஜூலையில் ஷாட்வெல் பகுதியில் 7 பேரைத் தூக்கிலிட்டது அரசு. ஒரு வர்க்கத்துக்கே சொல் கொடுத்தவர்கள், பக்கத்துத் தொழிலாளியின் போராட்டத்தில் எதிர்ப்பக்கம் நின்றிருக்கிறார்கள். சொல் பிறந்தவுடன் ஒற்றுமை பிறந்துவிடவில்லை. இது நம் சங்கங்களுக்குத் தெரியாத விஷயமா என்ன?

பிற மொழிகள் வேறு பாதையில் போயின. பிரெஞ்சில் வேலைநிறுத்தம் 'க்ரேவ்'. பாரிசில் செய்ன் ஆற்றங்கரையில் வேலை தேடுபவர்கள் கூடி நின்ற திடலின் பெயர் அது. வேலைக்காக நின்ற இடமே வேலை மறுப்பின் பெயரானது. ஸ்பானியச் சொல் 'ஓய்ந்திரு' என்னும் வினையிலிருந்து வருகிறது. ஜெர்மானியர்களோ, சொந்த வீட்டில் இதே வேரின் வினை இருந்தும், ஆங்கிலச் சொல்லையே கடன் வாங்கினார்கள்.

இந்தச் சொல்லின் எல்லையை யார் வரைவது என்பது இன்னும் முடியாத சண்டை. 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர் வழக்கில், அவர்களுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது, தார்மீக உரிமைகூடக் கிடையாது என்றது உச்சநீதிமன்றம். 2020இல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 50 சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் 'ஸ்ட்ரைக்' என்கிறது. தொழிலாளிகள் நீட்டிய சொல்லை இப்போது சட்டமும் நீட்டுகிறது, அவர்களைக் கட்டிப்போடுவதற்காக.

தமிழில் ஆலைவாசலில் 'ஸ்ட்ரைக்' என்கிறோம், துண்டறிக்கையில் 'வேலைநிறுத்தம்' என்று எழுதுகிறோம். 'நிறுத்து' என்பது 'நில்' என்பதன் பிறவினை. ஓடுவதை நிறுத்துவதும் நிறுத்துதான், விழுந்த தூணை எடுத்து நிறுத்துவதும் நிறுத்துதான். முதல் பொருளை முதலாளி நன்றாகப் புரிந்துகொள்கிறார். இரண்டாவதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.