வளைவின் கீழ் நடக்காத பயணிகள்



உரோமைக்குத் திருப்பயணம் போய் வந்தவர்கள் நம் பங்குகளில் பலர் இருக்கிறார்கள். புனித பேதுரு பெருங்கோவில், இலாத்தரன், சுரங்கக் கல்லறைகள், திருப்படிகள் என்று அவர்கள் சொல்லும் பட்டியல் போகாதவர்களுக்கும் மனப்பாடம். அதே நகரத்துக்கு, அதே மாதிரிப் பேருந்தில், குடையைத் தூக்கிப் பிடித்த அதே மாதிரி வழிகாட்டியின் பின்னால் வேறொரு கூட்டமும் வருகிறது. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ உள்ள ஒரு யூதத் தொழுகைக்கூடத்தின் குடும்பங்கள், தங்கள் ரபியின் தலைமையில் வருகிறார்கள். அவர்கள் காணும் உரோமை வேறு. இன்று அவர்கள் பின்னால் சற்று நடந்து பார்ப்போம்.

அவர்களது பயணத் திட்டமே ஓய்வுநாளைச் சுற்றித்தான் அமைகிறது. வெள்ளி மாலை சூரியன் மறைந்தபின், ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்போர் வாகனம் ஏறமாட்டார்கள். ஆகவே தொழுகைக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தங்குவார்கள். உணவு 'கோஷர்' முறைப்படி இருக்கவேண்டும். பொதுச் செபத்துக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பது மரபு. குழுவாக வருவதில் இந்த வசதியும் உண்டு. எந்தத் தெருமுனையில் நின்றாலும் அவர்கள் ஒரு செபக்கூட்டம்தான்.

உரோமை அவர்களுக்கு அந்நிய ஊர் அல்ல. யூதா மக்கபே உரோமையரோடு நட்பு உடன்படிக்கை செய்ய யூப்பொலேம், யாசோன் என்ற இருவரைத் தூது அனுப்பியதை மக்கபேயர் முதல் நூலின் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி அது. அந்த நூல் யூதர்களின் விவிலியத்தில் இல்லை, நம் விவிலியத்தில் இருக்கிறது என்பது ஒரு வேடிக்கைதான். பேதுருவும் பவுலும் உரோமைக்குள் கால் வைக்கும் முன்பே அங்கே யூதத் தெருக்கள் இருந்தன. பவுல் கைதியாக வந்து சேர்ந்து மூன்று நாள்களுக்குப் பின் யாரை அழைத்துப் பேசினார்? அங்கிருந்த யூதத் தலைவர்களைத்தான் என்று திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி அதிகாரம் கூறுகிறது. உரோமை விமான நிலையத்துக்குச் சாலை போடும்போது, 1961இல், ஓஸ்தியாவில் மிகப் பழைய தொழுகைக்கூடம் ஒன்றின் இடிபாடுகள் வெளிப்பட்டன. ஐரோப்பாவில் தொடர்ந்து வாழ்ந்துவரும் யூதச் சமூகங்களில் உரோமையினுடையதே மிகப் பழையது என்பர். அவர்களுக்கென்று தனி வழிபாட்டு முறைகூட உண்டு.

பேருந்து முதலில் தீத்து வளைவின் அருகே நிற்கும். கி.பி. 70இல் எருசலேம் கோவிலை எரித்த தளபதி தீத்து. அவர் பிறகு பேரரசராகி 81இல் இறந்தார். அந்த வெற்றியைக் கொண்டாட எழுப்பப்பட்ட வளைவின் உட்சுவரில், ஏழு கிளை விளக்குத்தண்டையும் அப்ப மேசையையும் எக்காளங்களையும் உரோமை வீரர்கள் தோளில் தூக்கிச் செல்லும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிலின் விளக்குத்தண்டு போன இடம் தெரியவில்லை, அதன் உருவம் எதிரி செதுக்கிய கல்லில் நிலைத்துவிட்டது. இஸ்ரயேல் நாடு தன் சின்னத்துக்கு எடுத்துக்கொண்டது இந்தக் கல்லில் உள்ள வடிவத்தைத்தான். உரோமை யூதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இந்த வளைவின் கீழ் நடந்ததில்லை, சுற்றித்தான் போவார்கள். இன்றும் பயணிகள் பலர் ஓரமாக நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

சங்கிலிப் பேதுரு ஆலயத்தில் மிக்கேலாஞ்சலோ வடித்த மோசே சிலையையும் பார்ப்பார்கள். மோசேயின் தலையில் இரண்டு கொம்புகள்! விடுதலைப் பயண நூலில், மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகம் ஒளிவீசியது என்று வரும் எபிரேயச் சொல்லை, கொம்பு என்று பொருள்படும்படி புனித எரோணிமுஸ் இலத்தீனில் பெயர்த்தார். சிற்பி அதை நம்பினார். ரபி இதை விளக்கும்போது குழுவில் சிரிப்பு எழும்.

அதன்பின் திபேர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். நாம் அதிகம் பேச வேண்டிய இடம் இதுதான்.

1555ஆம் ஆண்டு ஜூலை மாதம் திருத்தந்தை நான்காம் பவுல் ஓர் ஆணை பிறப்பித்தார். உரோமை யூதர்கள் அனைவரும் சுவர் சூழ்ந்த ஒரே பகுதியில்தான் வாழவேண்டும். இரவில் வாயில்கள் பூட்டப்படும். ஆண்கள் மஞ்சள் நிறத் தொப்பி அணியவேண்டும். சொத்து வாங்கக் கூடாது. பழைய துணி வியாபாரம் தவிர ஏறக்குறைய வேறு தொழில் கூடாது. தொழுகைக்கூடம் ஒன்றே ஒன்று. அவர்களோ பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள், வழிபாட்டு முறைகள் வேறு வேறு. என்ன செய்தார்கள்? ஒரே கட்டடத்துக்குள் ஐந்து தொழுகைக்கூடங்களை அமைத்துக்கொண்டார்கள்! ஆற்றில் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அந்தத் தாழ்ந்த பகுதிதான். இந்த நிலை, இடையே சில ஆண்டுகள் தளர்ந்தாலும், 1870வரை நீடித்தது.

அதைவிட நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. மறையுரை ஆற்றுவதே பணியாகக் கொண்ட நாம் இதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் காலத்தில், உரோமை யூதர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஓய்வுநாள்தோறும் கத்தோலிக்க மறையுரை கேட்டாக வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அவர்களுடைய செபம் முடிந்த கையோடு, அவர்களுடைய மறைநூல் பகுதியை எடுத்தே, அவர்கள் நம்பிக்கை தவறென்று சொல்லும் உரை. தூங்கக்கூடாது, பேசக்கூடாது, காவலர் பார்த்துக்கொண்டிருப்பர். காதில் மெழுகை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று உரோமை யூதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். வானொலியில் பேசுகிற நமக்கு இது நன்றாகப் புரிகிறது. நேயர்களே, உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் பொத்தானைத் திருப்பிவிடலாம். அவர்களுக்கு அந்தப் பொத்தான் இல்லை. 1847இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர்தான் இந்தக் கட்டாய மறையுரைகளை நிறுத்தினார்.

அந்த மறையுரைகளோடு தொடர்புடைய புனித கிரகோரியார் ஆலயம் இன்றும் பாலத்தின் அருகே, தொழுகைக்கூடத்துக்கு எதிரே நிற்கிறது. கலகம் செய்யும் மக்களை நோக்கி நாளெல்லாம் கைகளை நீட்டியதாகக் கடவுள் வருந்தும் எசாயாவின் வாக்கு, அதன் முகப்பில் எபிரேயத்திலும் இலத்தீனிலும் எழுதப்பட்டிருக்கிறது. இறைவாக்கினர் தம் சொந்த மக்களிடம் கண்ணீரோடு சொன்ன சொல்லை, இன்னொருவர் வீட்டு வாசலுக்கு எதிரே வசையாக எழுதிவைத்தோம். குழுவில் எபிரேயம் தெரிந்த சிறுவர்கள் அதை உரக்க வாசிக்கிறார்கள்.

தொழுகைக்கூடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே மிக அழகானவை துணிகள். திருச்சட்டச் சுருளுக்குப் போர்த்தும் பட்டும் சரிகையும் பிரபுக்கள் உடுத்திக் கழித்தவற்றிலிருந்து தைக்கப்பட்டவை. பழந்துணி விற்கத்தான் அனுமதி என்றால், அந்தப் பழந்துணியில் சிறந்ததைத் தேர்ந்து கடவுளுக்கு வைத்தார்கள்.

தெருவில் கவனமாக நடக்கவேண்டும். கருங்கற்களுக்கு நடுவே உள்ளங்கையளவு பித்தளைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, பிடித்துச் செல்லப்பட்ட நாள். இடறல் கற்கள் என்று பெயர். பல கற்களில் நாள் ஒன்றே: 16.10.1943. அதற்கு முந்தைய மாதம்தான் நாத்சிகள் 50 கிலோ தங்கம் கேட்டு வாங்கியிருந்தார்கள். தங்கம் கொடுத்தால் தப்பிவிடலாம் என்று நம்பினார்கள். அந்தச் சனிக்கிழமை விடியலில் வீடு வீடாகப் பிடித்தார்கள். இரண்டு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்சுக்கு இரயிலேற்றப்பட்டனர். திரும்பி வந்தவர்கள் 16 பேர். சென்ற 200க்கும் மேற்பட்ட குழந்தைகளில் ஒருவரும் திரும்பவில்லை.

அந்த நாள்களில் துறவு மடங்கள் ஆயிரக்கணக்கான யூதரை ஒளித்துக் காத்தன. ஆற்றின் நடுத்தீவில் இறை யோவான் சபையினரின் மருத்துவமனையில் 'கே நோய்' என்று இல்லாத ஒரு நோயைக் கற்பித்து, அது தொற்றும் என்று நாத்சிகளை அச்சுறுத்தி, அடைக்கலம் தேடியவர்களை நோயாளிகளாகப் படுக்கவைத்திருந்தனர் மருத்துவர்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டாமா என்ற கேள்வியும் இருக்கிறது. அவர் கால ஆவணங்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் திறந்துவிட்டார், ஆய்வு நடக்கிறது. மடங்களின் துணிவைச் சொல்லி அந்தக் கேள்வியை மூடிவிடுவது நேர்மையல்ல என்பதே நம் எண்ணம்.

பித்தளைக் கற்களின் அருகே குழு நின்று 'கதீஷ்' செபத்தைச் சொல்கிறது. இறந்தோருக்காகச் சொல்லப்படும் அச்செபத்தில் சாவு என்ற சொல்லே வராது. முழுவதும் இறைபுகழ்ச்சி. முடிந்ததும் பக்கத்துத் தெருவிலேயே சாப்பிடுவார்கள். அங்கே முழு ஆர்டிசோக் மொட்டை எண்ணெயில் பூப்போல் விரியப் பொரித்துத் தருவது பேர்போனது. ஏழைகளின் கெட்டோவில் பிறந்த பலகாரத்துக்கு இன்று ஊரே வரிசையில் நிற்கிறது.

நம் பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். பழைய பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதருக்கான மன்றாட்டில் 'நம்பிக்கை கெட்ட' என்று பொருள்படும் சொல் இலத்தீனில் இருந்தது. 1959இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அதை நீக்கச் செய்தார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் சாவுக்காக அன்றிருந்த யூதர் அனைவரையுமோ இன்றுள்ள யூதரையோ குற்றஞ்சாட்டலாகாது என்று அறிவித்தது. இன்று பெரிய வெள்ளியில், கடவுள் முதலில் பேசிய மக்கள் என்று அவர்களுக்காக மன்றாடுகிறோம்.

வத்திக்கானிலிருந்து அந்தத் தொழுகைக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் திருத்தந்தை ஒருவர் அதன் வாசலை மிதித்தது 1986 ஏப்ரல் 13 அன்றுதான். இரண்டாம் யோவான் பவுல் உள்ளே சென்று, தலைமை ரபி எலியோ தோவாஃபைக் கட்டித் தழுவி, யூதர்களை மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார். 16ஆம் பெனடிக்ட் 2010இலும் பிரான்சிஸ் 2016இலும் அங்கே சென்றார்கள். வெள்ளி மாலை நம் பயணக் குழு அங்கே செபிக்க நுழையும்போது வாசலில் ஆயுதம் தாங்கிய காவலர்கள் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். 1982இல் அந்த வாசலில் நடந்த தாக்குதலில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது, பலர் காயமுற்றனர். அன்றுமுதல் காவல் விலகவில்லை.

2005இல் இரண்டாம் யோவான் பவுல் இறந்தபின் அவருடைய ஆன்மீக உயில் வெளியிடப்பட்டது. அவர் தனித்துக் குறிப்பிட்டு நினைவுகூர்ந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் உரோமையின் ரபி. தோவாஃபுக்கு அப்போது 89 வயது.