தியடோர் கார்டனின் மிதவை ஈக்கள்

தியடோர் கார்டன் (1854–1915) அமெரிக்கத் தூண்டில் மீன்பிடிப்பாளர். டிரௌட் மீன் பிடிப்பதற்கான ‘டிரை ஃப்ளை’, அதாவது நீர்மேல் மிதக்கும் செயற்கை ஈ, அமெரிக்க ஆறுகளுக்கு ஏற்ப உருமாறியதில் இவருடைய பங்கு பெரிது.

இக்கலைக்கு இலக்கணம் வகுத்தது இங்கிலாந்து. ஃபிரடெரிக் ஹால்ஃபோர்டு, ஜார்ஜ் மாரியட் என்பவரின் துணையுடன் ஆய்ந்து, 1886-இல் மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறை பற்றிய நூலை வெளியிட்டார். ஆற்றில் பறக்கும் பூச்சியை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில் ஆண் பூச்சிக்கும் பெண் பூச்சிக்கும் தனித்தனி ஈ கட்டுமளவுக்கு அதில் பிடிவாதமாக இருந்தார்.

கார்டன் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார். 1890-இல் மாதிரி ஈக்கள் தபாலில் வந்தன. ஆனால் அவை தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் பிறந்து, தெளிந்து சீராக ஓடும் ஆறுகளுக்கானவை. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலையில் ஓடும் நெவர்சிங்க் ஆறு பாறைகளில் மோதி நுரைப்பது. அதன் பூச்சிகளும் வேறு. எனவே கார்டன் தன் ஆற்றின் பூச்சிகளைக் கவனித்து, சொந்தமாக ஈக்களைக் கட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

ஈயை மிதக்கவைப்பது கொக்கியைச் சுற்றிக் கட்டப்படும் சேவல் கழுத்து இறகு. அதன் இழைகள் விறைப்பாக இருந்தால் நீர்ப்பரப்பில் கால் ஊன்றி நிற்கும். மென்மையாக இருந்தால் நனைந்து ஈ மூழ்கிவிடும். கார்டனின் புகழ்பெற்ற ‘குயில் கார்டன்’ ஈயில் நீலச்சாம்பல் நிறச் சேவல் இறகு, இழை நீக்கிய மயிலிறகுத் தண்டில் சுற்றிய உடல், மர வாத்தின் விலாப்புற இறகில் அமைந்த சிறகு ஆகியவை உள்ளன. வசந்தத்தின் தொடக்கத்தில் வெளிவரும் மேஃப்ளை பூச்சியின் சாயல் அது. அச்சு நகல் அல்ல.

கார்டனை ‘அமெரிக்க டிரை ஃப்ளையின் தந்தை’ என்பது சற்று மிகை. தாடியஸ் நோரிஸ் 1864-லேயே தன் நூலில் உலர்ந்த ஈயை மிதக்கவிட்டு மீன் பிடித்ததைக் குறிப்பிட்டுள்ளார். ஆனால் உள்ளூர்ப் பூச்சிகளைக் கொண்டு ஒரு மரபை உருவாக்கியவர் கார்டனே.

நோயாளியான கார்டன் கடைசி ஆண்டுகளை ஆற்றங்கரையில் தனிமையில் கழித்தார். ஈக்களைக் கட்டி விற்றார். இதழ்களில் குறிப்புகள் எழுதினார், நூல் எதுவும் எழுதவில்லை. அக்குறிப்புகளையும் கடிதங்களையும் ஜான் மெக்டொனால்டு 1947-இல் தொகுத்து வெளியிட்டார். கார்டனிடம் நேரில் கற்ற அஞ்சல் ஊழியர் ராய் ஸ்டீன்ராட் 1916-இல் ‘ஹென்ட்ரிக்சன்’ ஈயை உருவாக்கினார். கார்டன் மீன் பிடித்த நெவர்சிங்க் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி இன்று நியூயார்க் நகரின் குடிநீர்த் தேக்கத்தில் மூழ்கியுள்ளது.