ஆஸ்திரேலியா 2 (பந்தயப் படகு)

ஆஸ்திரேலியா 2 என்பது 1983 ஆம் ஆண்டு அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் படகுப் போட்டியில் வென்ற பந்தயப் படகு ஆகும். 1851 இல் 'அமெரிக்கா' என்னும் படகு வென்றதால் அப்பெயர் பெற்ற இக்கோப்பை, 132 ஆண்டுகளுக்குப் பின் இப்படகினாலேயே முதன்முறையாக அமெரிக்கர் கையைவிட்டு அகன்றது. இப்படகின் உரிமையாளர் ஆலன் பாண்ட். தலைவர் ஜான் பெர்ட்ரண்ட். இதை வடிவமைத்தவராக அறியப்படுபவர் பென் லெக்சன். இவர் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர்.

== வடிவமைப்பு ==

இது '12 மீட்டர்' வகுப்பைச் சேர்ந்தது. அது படகின் நீளம் அன்று. இப்படகின் நீளம் சுமார் 19 மீட்டர். நீளம், சுற்றளவு, பக்க உயரம், பாய்ப் பரப்பு ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டால் வரும் விடை 12 மீட்டருக்கு மிகலாகாது என்பதே விதி. ஆகவே ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைக்க வேண்டும்.

இப்படகின் புதுமை அதன் கீலில் இருந்தது. படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் கனத்த பகுதியே கீல். காற்றின் வேகத்தால் படகு கவிழாமலும் பக்கவாட்டில் நகராமலும் காப்பது அதுவே. படகு செல்கையில் கீலின் ஒரு பக்கத்தில் நீரழுத்தம் கூடும். அந்நீர் கீழ்முனையைச் சுற்றி மறுபக்கம் பாய்ந்து சுழலை உண்டாக்கும். அதனால் வேகம் குறையும். ஆஸ்திரேலியா 2 இன் கீல் வழக்கத்துக்கு மாறாக அடியில் அகன்று, முனையில் இரு இறக்கைகளுடன் அமைந்தது. இறக்கைகள் சுழலைக் குறைத்தன. ஈயத்தின் எடை கீழே இருந்ததால் படகு நிலையாக நின்றது. எடை குறைந்த சிறிய உடலாகையால் விரைவாகத் திரும்பவும் முடிந்தது.

கரையேற்றும் போதெல்லாம் கீலைத் துணியால் மறைத்து வைத்தனர். வெற்றிக்குப் பின்னரே அது பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது.

== போட்டி ==

நியூபோர்ட்டில் டெனிஸ் கானர் செலுத்திய 'லிபர்டி'க்கு எதிராக 1-3 எனப் பின்தங்கியிருந்த ஆஸ்திரேலியா 2, அடுத்த மூன்று பந்தயங்களையும் வென்றது. செப்டம்பர் 26 அன்று நடந்த ஏழாவது பந்தயத்தில் 41 விநாடிகள் முந்தியது.

== வடிவமைத்தவர் யார்? ==

படகை வடிவமைப்பவர் போட்டியிடும் நாட்டினராக இருத்தல் வேண்டும் என்பது அன்றைய விதி. லெக்சனோ மாதிரிகளை நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரிலுள்ள கப்பல் ஆய்வுத் தொட்டியில் சோதித்திருந்தார். இதை வைத்து நியூயார்க் படகுக் கழகம் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்நிலையத்தின் பீட்டர் வான் ஓசானனிடம் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றில் கையொப்பம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். எதிர்ப்பும் கைவிடப்பட்டது. ஆயினும் 2009 இல் அதே வான் ஓசானன், கீலை உருவாக்கியவர்கள் தாமும் வானூர்தி ஆய்வாளர் யோப் ஸ்லோஃபும் என்று கூறினார். பெர்ட்ரண்ட் இதை மறுத்தார். லெக்சன் 1988 இலேயே காலமாகிவிட்டதால் அவரது பதில் கிடைக்க வழியில்லை. மாதிரியைச் சோதிப்பவரின் ஆலோசனை எங்கே முடிகிறது, வடிவமைப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அவ்விதி விளக்கியிருக்கவில்லை.

1987 இல் கானர் கோப்பையை மீட்டார். ஆஸ்திரேலியா 2 தற்போது ஃபிரிமாண்டிலிலுள்ள மேற்கு ஆஸ்திரேலியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது.