முதல் மரை வந்த வழி

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று ஆளைத் தள்ளும். அந்தக் காற்றிலும், நீர் திறந்துவிடும் பணியாளரான லஸ்கர், கால்வாய் மதகின் மேல் நின்று சக்கரத்தைச் சுற்றுவார். சுற்றச் சுற்ற, மரை வெட்டிய தடித்த கம்பி விரற்கடை விரற்கடையாக மேலேறும். ஷட்டரும் கூடவே ஏறும். நடுவில் கையை எடுத்துவிட்டு அவர் வியர்வை துடைத்தாலும் இறங்காது. அவ்வளவு பாரத்தை எது பிடித்திருக்கிறது என்று சிறுவயதில் வியந்து நின்றிருக்கிறேன்.

உராய்வுதான். 50 மி.மீ. தடிமனுள்ள கம்பி, சுற்றுக்கு 8 மி.மீ. ஏற்றம் என்றால் மரையின் சாய்வு சுமார் 3 பாகை. அத்தனை படிந்த சாய்வில் பாரம் வழுக்காது. 80 செ.மீ. தூக்க 100 சுற்று வேண்டும். அந்த உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வு தின்றுவிடும். தின்ற உராய்வே இரவெல்லாம் ஷட்டருக்குக் காவல்.

இந்தக் கம்பியைக் கடையும் லேத்திலும் இதன் உடன்பிறப்பு உண்டு. உளியைச் சீராக நகர்த்தும் லீட் ஸ்க்ரூ. அதில் பிசகிருந்தால், வெட்டும் மரையிலும் அதே பிசகு விழும். அப்படியென்றால் முதல் நல்ல மரை எங்கிருந்து வந்தது?

லண்டனில் ஜோசப் பிராமாவின் பூட்டுப் பட்டறையில் ஹென்றி மாட்ஸ்லே வேலை பார்த்தார். கூலி உயர்வு கேட்டார், கிடைக்கவில்லை; 1797இல் வெளியேறித் தனிப் பட்டறை போட்டார். அன்று மரையை அரத்தாலும் கையுளியாலும் வெட்டினார்கள். ஒரு போல்ட்டின் நட்டு அடுத்ததற்குச் சேராது. மாட்ஸ்லே மென்மையான உருளையொன்றைச் சுழலவிட்டு, பிறை வடிவக் கத்தியைச் சாய்த்து அழுத்தினார். கத்தியின் சாய்வுக்கு ஏற்ப உருளை முன்னேற, புரி தானாக விழுந்தது. எந்த மரையையும் பார்த்து வெட்டாத மரை! இப்படிக் கிடைத்தவற்றில் தேறியதை வைத்து எஃகில் வெட்டினார். 1800 வாக்கில் அவர் செய்த லேத் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரிடம் வேலை செய்த ஜோசப் விட்வொர்த் 1841இல் மரைகளுக்குப் பொது அளவு வகுத்தார்.

இன்று கல்லூரிப் பிள்ளைகள் செய்யும் முப்பரிமாண அச்சு எந்திரத்திலும் அதே திருகுதான். 8 மி.மீ. கம்பியில் சுற்றுக்கு 8 மி.மீ. நகர்வது வேகம் தரும். ஆனால் சாய்வு 20 பாகையை நெருங்குவதால், கரண்ட் போனால் கனமான மேடை தானாக இறங்கக்கூடும். சுற்றுக்கு 2 மி.மீ. உள்ளது மெதுவாகத்தான் நகரும், ஆனால் நிற்கும். பாரம் தூக்க வேண்டிய இடத்துக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

மதகுக் கம்பி ஏறி இறங்கும் நட்டை வெண்கலத்தில் போடுவது வழக்கம். தேய்மானம் வந்தால் நீளக் கம்பி தப்பி, சின்ன நட்டு தேயட்டும் என்றுதான். எங்கள் காற்று கொண்டுவரும் மணல் கிரீஸில் ஒட்டினால் அரம் போல அறுக்கும். பழைய கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்த பிறகே புதிதைப் பூச வேண்டும்.