பெயரும் பாறையும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் காணப்படும் ஒருவகைப் பாறைக்கு 1902இல் வாக்கர் என்ற நிலவியல் அறிஞர் கோந்தலைட் என்று பெயர் வைத்தார். அங்கே வாழும் கோந்த் பழங்குடியினரின் பெயர் அது. ஒடிஸாவின் நியாம்கிரி உச்சியில் கிடக்கும் பாக்ஸைட், இந்தப் பாறை காலங்காலமாகச் சிதைந்து உண்டானதுதான். கல்லுக்குத் தங்கள் பெயரைத் தந்த மக்களுக்குக் கல்லின்மேல் பேச்சு இருக்கவில்லை.

டோங்ரியா கோந்துகளுக்கு அது நியாம்ராஜா உறையும் மலை. வேதாந்தா கம்பெனிக்கான சுரங்கத் திட்டத்தை எதிர்த்தார்கள். 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதியை மறுத்தது.

சரித்திரத்தை இந்த இடத்தில் மங்களமாக முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நியாம்கிரி சுரக்ஷா சமிதியின் நடவடிக்கைகளை மாவோயிஸ்ட் கட்சி வழிநடத்துகிறது என்றது உள்துறை அமைச்சகத்தின் 2016–17 ஆண்டறிக்கை. 2017 மே மாதம் டோங்ரியா இளம்பெண் ஒருவர் கைதாகி, சரணடைந்த மாவோயிஸ்ட் என்று காட்டப்பட்டார்.

லெட்ஜர் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு தடவை ஏறிவிட்ட பதிவை நீக்குவது எத்தனை கஷ்டம் என்று அறிவேன். கிராம சபைகளில் அவர்கள் சொன்ன ‘மாட்டோம்’ என்பதும் பதிவுதான். பிறகு எழுதப்பட்ட ஒற்றை வரி அதை அடித்துவிட முயல்கிறது. வாக்கராவது பெயர் வைக்குமுன் பாறையைப் பார்த்திருந்தார்.