நான் கேட்டது டிராகன், மாமா

போன வருஷம் முழுப்பரீட்சை முடிகிற நேரம். பாம்பனில் இருக்கும் அக்கா மகள் ஒரு துண்டுச்சீட்டை என் கையில் திணித்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சீட்டில் இங்கிலீஷில் மூன்றே வார்த்தைகள்: விங்ஸ் ஆஃப் ஃபயர். "ராம்நாடு போனா வாங்கிட்டு வாங்க மாமா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கலாம் பிறந்த தீவில் வளர்கிற பிள்ளை, யாரும் சொல்லாமலே கலாம் புத்தகத்தைக் கேட்கிறது. அவர் படித்த ஷுவார்ட்ஸ் பள்ளி இருக்கிற ஊரிலேயே அதை வாங்கினேன். மாலை பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவள் அட்டையைப் பார்த்தாள், திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தாள்.

"மாமா, இது கலாம் ஐயா புக்கு. நான் கேட்டது டிராகன்."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், அந்தப் பெயரில் இரண்டு நூல்கள் இருக்கின்றன என்று. கலாமும் அருண் திவாரியும் எழுதிய தன்வரலாறு 1999இல் வந்தது. தமிழில் நாம் 'அக்னிச் சிறகுகள்' என்று படிப்பது அதைத்தான். இன்னொன்று, டூயி சதர்லேண்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2012இல் தொடங்கிய சிறுவர் நாவல் வரிசை. 2022க்குள் பதினைந்து புத்தகங்கள் வந்துவிட்டன. அதில் பேசுவதும் சண்டை போடுவதும் அழுவதும் டிராகன்கள்தான். மனிதர்கள் அங்கே கொறிக்கிற தீனி மாதிரி.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் சொன்னார்கள். அத்தான் முதல் ஆள்: "பல்லிக்கு ரெக்கை வச்ச கதையப் படிச்சு என்ன ஆகப்போகுது?" அக்கா: "அதுல ஒரே கொலையாம்ல." இது அக்காவின் கவலை மட்டுமில்லை. டிராகன்களை அரங்கத்தில் மோதவிட்டு ராணி வேடிக்கை பார்க்கிற காட்சி முதல் புத்தகத்திலேயே இருக்கிறது. என் அம்மாவுக்கு வேறு பிரச்சினை. கடல் டிராகன் ஒன்றுக்குச் சுனாமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் அம்மா எழுந்தே போய்விட்டாள். 2004 டிசம்பருக்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சும்மா உச்சரிப்பதில்லை. கடைசியாக நான் சொன்னேன்: "முதல்ல இதைப் படி. இதுல எல்லாம் உண்மை."

அவள் பதிலே பேசவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது, தோழியிடம் இரவல் வாங்கிய ஒரு புத்தகத்துக்குப் பிரவுன் அட்டை போட்டு லேபிளில் 'சயின்ஸ்' என்று எழுதி வைத்திருந்தாள். உள்ளே டிராகன். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்களிடம் எதையும் ஒளிக்காத பிள்ளை அது.

அதனால் இரண்டு புத்தகங்களையும் நான் படிப்பது என்று முடிவுசெய்தேன்.

டிராகன் கதை இப்படிப் போகிறது. மணல் டிராகன் ராணி இறந்துபோக, அரியணைக்காக அவளுடைய மூன்று மகள்கள் மோதிக்கொள்கிறார்கள். அந்தப் போரை ஐந்து குட்டிகள் முடித்துவைக்கும் என்று ஒரு தீர்க்கதரிசனம். உடனே ஒரு ரகசிய அமைப்பு ஐந்து குட்டிகளைத் தேர்ந்தெடுத்து, மலைக்கடியில் ஒரு குகையில் பூட்டி வளர்க்கிறது. விளையாட்டு கிடையாது. வானம் கிடையாது. நீ உலகத்தைக் காப்பாற்றப் பிறந்தவன் என்ற பாடம் மட்டும் தினமும் உண்டு. களிமண் நிறத்தில் பெரிதாக இருக்கிற கிளே என்ற குட்டி பொரிந்ததும் மற்ற முட்டைகளைத் தாக்கியது, அதனால் அது பிறவிக் கொலைகாரன் என்று வளர்ப்பவர்கள் நம்புகிறார்கள். பின்னால்தான் தெரிகிறது, மற்ற குட்டிகள் வெளியே வருவதற்காக அது ஓடுகளை உடைத்துக்கொடுத்திருக்கிறது. நாலாவது புத்தகத்தில் அந்தத் தீர்க்கதரிசனத்தைப் பற்றியே ஒரு சேதி வரும். அதைச் சொன்னால் என்னை அடிப்பாள்.

"உனக்கு ஏன் இது பிடிச்சிருக்கு?" என்று முதல் முறையாகக் கேட்டேன்.

"அதுங்க கிட்டயும் யாரும் என்ன வேணும்னு கேக்கல மாமா."

இந்தத் தீவில் ஒரு பிள்ளை அப்படிச் சொன்னால் அதற்குக் கனம் உண்டு. பள்ளிச் சுவரில் கலாம், பேச்சுப் போட்டியில் கலாம், மாறுவேடப் போட்டியில் நரைமுடி ஒட்டிய கலாம். பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் பேக்கரும்பில் 2017இல் திறந்த நினைவிடம். நாங்களும் எங்கள் குட்டிகளுக்கு ஒரு தீர்க்கதரிசனத்தைப் படித்துக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறோம்.

ஆனால் அந்தச் சுவர்ப் படத்து ஆள் 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் இல்லை. நூலில் 1931இல் பிறந்த ஒரு பையன்தான் இருக்கிறான். ராத்திரி படுக்கையில் அவனுக்குத் தாயும் பாட்டியும் சொன்னவை ராமாயண நிகழ்ச்சிகளும் நபிகள் வாழ்க்கைக் கதைகளும். உலகப் போர் வந்ததும் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நின்றுபோக, தனுஷ்கோடி போகிற வழியில் ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளை எடுக்க உதவி, முதல் சம்பளம் வாங்குகிறான். புத்தகம் அரிதாகக் கிடைத்த ஊரில், எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற பழைய புரட்சிக்காரர் வீட்டில் நிறைய நூல்கள் இருந்தன. அங்கே போய் இரவல் வாங்குகிறான். இதைப் படித்தால் என்ன ஆவாய் என்று மாணிக்கம் கேட்டதாக நூலில் எங்கும் இல்லை. கிடைத்ததையெல்லாம் படி என்றுதான் ஊக்கப்படுத்தியிருக்கிறார்.

பேச்சுப் போட்டிகளில் வராத இன்னொரு பகுதியும் உண்டு. அந்தப் பையன் விமானம் ஓட்ட ஆசைப்பட்டான். விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் போனான். இருபத்தைந்து பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள். இவன் ஒன்பதாவது.

இனி டிராகனுக்கு வருகிறேன். அத்தானுக்குப் பதில் சொல்வதற்காகத் தேடப்போய், ராக்கெட்டின் வரலாற்றிலேயே டிராகன் இருப்பதைப் பார்த்தேன். கருமருந்து சீனாவில் பிறந்தது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சீனப் போர்க்கருவி நூலின் பெயரே 'ஹுவோலோங்ஜிங்', அதாவது நெருப்பு டிராகன் நூல். அதில் 'தண்ணீரிலிருந்து எழும் நெருப்பு டிராகன்' என்று ஒரு ஆயுதம் வருகிறது. நீண்ட மூங்கில் குழாய்க்கு முன்னால் மரத்தில் செதுக்கிய டிராகன் தலை, பின்னால் வால். வெளியே கட்டிய ராக்கெட்டுகள் அதை நீர்ப்பரப்புக்கு மேலே தள்ளிக்கொண்டு போகும். அவை எரிந்து தீரும் சமயத்தில் உள்ளே இருக்கிற திரி பற்றி, டிராகன் வாயிலிருந்து நெருப்பு அம்புகள் பாயும். ஒரு கட்டம் எரிந்து முடிந்ததும் அடுத்தது பற்றிக்கொள்கிறது. பல அடுக்கு ராக்கெட்டின் அடிப்படை இதுதான். கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3இல் அடுக்குகள் நான்கு. 1979 ஆகஸ்டில் அது கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது.

சீனத்துக்கும் டில்லிக்கும் நடுவில் நம் ஊரும் வருகிறது. 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு படைகள் ஆங்கிலேயர்மேல் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளை ஏவின. 1960களின் தொடக்கத்தில் நாசாவின் வாலப்ஸ் தீவுக்குப் பயிற்சிக்குப் போன கலாம், வரவேற்புக் கூடத்தில் மாட்டியிருந்த ஒரு ஓவியத்தில் திப்பு படையின் ராக்கெட்டைப் பார்த்து மலைத்து நின்றதை எழுதியிருக்கிறார்.

டிராகன் நமக்கு அந்நியச் சரக்கு என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இதே ராமநாதபுரக் கரையில் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் உடைசல்கள் குவியலாகக் கிடைத்தன. அவற்றில் நிறைய 13, 14ஆம் நூற்றாண்டுச் சரக்கு. டிராகன்களின் நாட்டிலிருந்து கப்பல்கள் நம் கரைக்கு வந்துபோய் எழுநூறு வருஷம் ஆகிறது.

சிறகு முளைத்த பெரிய உருவங்கள் நம் கதைகளில் முன்பே இருந்தவைதான். அனுமன் கடலைத் தாண்டும்போது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மலை எழுந்து, கொஞ்சம் இளைப்பாறிவிட்டுப் போ என்கிறது. அது மைநாகம். ஒரு காலத்தில் மலைகளுக்கெல்லாம் சிறகு இருந்ததாம். இந்திரன் வெட்டினான். தப்பித்த மைநாகம் கடலில் ஒளிந்துகொண்டது. அதற்கப்புறம் வழிமறித்து வாயைப் பெரிதாக்கிக்கொண்டே போகிற சுரசை, நிழலைப் பிடித்து இழுக்கிற சிம்ஹிகை. கலாமின் பாட்டி சொன்ன ராமாயணத்தில் இவையும் இருந்திருக்கலாம். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த அத்தான்தான் பல்லிக்கு ரெக்கையா என்று கேட்டார். அவரிடம் மைநாகத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அது சாமி கதைல்ல" என்றார். அவர் குரலில் பழைய வேகம் இல்லை.

இதையெல்லாம் அடுக்கிவிட்டு ஒன்றைக் கவனித்தேன். டிராகன் கதை படித்தால் ராக்கெட் விடலாம் என்று நிரூபிக்கப் பார்க்கிறேன். இதுவும் அத்தானின் கேள்விதான். கேட்கிற விதம்தான் கொஞ்சம் நாகரிகம். கலாமின் வாழ்க்கையையும் இப்படித்தான் படிக்கிறோம். ராக்கெட் மேலே போனது நமக்குத் தெரியும். அதனால் அவர் இரவல் வாங்கிய புத்தகம், பொறுக்கிய பத்திரிகைக் கட்டு எல்லாமே அதற்கான தயாரிப்பாகத் தெரிகின்றன. அன்றைக்கு அந்தப் பையனுக்கு அப்படித் தெரிந்திருக்காது. பிடித்தது, படித்தான்.

2006 ஜூன் 8 அன்று, புனே விமானதளத்தில், எழுபத்து நாலு வயதில் குடியரசுத் தலைவராக இருந்த கலாம் சுகோய் போர் விமானத்தில் ஏறிப் பறந்தார். அதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று கணக்குப் போடலாம்தான். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போது டேராடூனில் ஒன்பதாவதாக நின்றவன் ஞாபகம்தான் வருகிறது.

அக்கா மகளும் ஒருவழியாகக் கலாம் புத்தகத்தைப் படித்தாள், பாதிக்கு மேல் தாவித் தாவி. "எப்படி இருந்துச்சு?" என்றேன். "பேப்பர் கட்டு வர்ற இடம் நல்லாருக்கு. ஒன்பதாவது வந்தாருல்ல, பாவம். நடுவுல மீட்டிங்கா நடக்குது மாமா." நான் கேட்ட கலாம் பேச்சுகளில் எதிலும் இவ்வளவு நேர்மையான விமர்சனம் இருந்ததில்லை.

இந்தத் தடவை சரியான புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன். வரிசையில் இரண்டாவது. சுனாமி என்ற குட்டி கடலுக்கடியில் இருக்கும் தன் தாய் வீட்டைத் தேடிப் போகிற கதை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குட்டிக்கு ஆத்தா கிடைச்சாளா என்று மட்டும் கேட்டாள். பெயரைச் சொல்லவில்லை.

புதுப் புத்தகத்துக்கும் பிரவுன் அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் எதுக்குத்தா ஒளிக்கிற?" என்றேன்.

"கிழியாம இருக்கட்டும்னுதான் மாமா."

லேபிளில் இந்த முறை 'டிராகன்' என்றே எழுதினாள்.